டிக்ளரேட்டிவ் நிரல்மொழிகளில் பி.எச்டி. எடுக்கலாமா? மன்னார்குடியிலிருந்து கேட்டவருக்கு ஒரு பதில்

எம்.எஸ்ஸி. கணினி அறிவியல் முடித்தாயிற்று, வழிகாட்டி "டிக்ளரேட்டிவ் நிரல்மொழிகளும் முறைகளும்" என்று ஆராய்ச்சித் தலைப்பு தருகிறார், கூடப் படித்தவர்களோ இந்த வகையில் பெயர்போன மொழியை நினைத்து "புரோலாக்கா? அது எண்பதுகளிலேயே செத்துப்போச்சு, ஏஐ பக்கம் போ" என்கிறார்கள், எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. இந்தத் துறையில் இன்னும் தீராத சிக்கல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு சாதாரண லேப்டாப்பை வைத்து இதைச் செய்ய முடியுமா. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் நான் சொல்வது என் அனுபவத்திலிருந்து வரும் கணிப்பு மட்டுமே. கொஞ்ச காலம் டேட்டாபேஸ் எஞ்சின் பக்கம் வேலை பார்த்துவிட்டு, பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் லாஜிக் புரோகிராமிங், ஃபங்ஷனல் புரோகிராமிங் இரண்டும் பல வருடம் பாடம் எடுத்தவன் நான். டைப் தியரியின் ஆழமான பகுதிகளில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டேன்.

முதலில் தலைப்பில் உள்ள வார்த்தையைப் பார்த்து மிரள வேண்டாம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் நீங்கள் எழுதியிருப்பீர்கள். "இந்த வட்டத்தில் ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்கள் யார்" என்று கேட்கிறீர்கள். எந்த டேபிளை முதலில் படிக்க வேண்டும், இன்டெக்ஸ் வழியாகப் போவதா முழுவதையும் வாசிப்பதா என்றெல்லாம் நீங்கள் எழுதுவதில்லை. என்ன வேண்டும் என்பது உங்கள் வேலை, எப்படி என்பது எஞ்சினின் வேலை. டிக்ளரேட்டிவ் என்பது இதுதான். 1970-இல் எட்கர் காட் தகவலை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாடலை எழுதினார், 1979-இல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் குழுவில் இருந்த பாட்ரீசியா செலிங்கரும் கூட்டாளிகளும் செலவுக் கணக்குப் போட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசரை விவரித்தார்கள். இன்று வங்கிக் கணக்கிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் ஓடுகிறது. உங்கள் நண்பர்கள் செத்துப்போச்சு என்று சொல்லும் குடும்பத்தில் மூத்த பிள்ளை இது.

குடும்பத்தில் மற்ற இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று ஃபங்ஷனல் கிளை, நிரல் முழுவதையும் ஃபங்ஷன்களாகவே எழுதுவது. மெக்கார்த்தியின் லிஸ்ப்பிலிருந்து தொடங்கி, 1977-இல் டியூரிங் விருது உரையில் ஃபோர்ட்ரானை உருவாக்கிய ஜான் பேக்கஸே வந்து "வழக்கமான மொழிகள் மெமரியில் ஒவ்வொரு சொல்லாக நகர்த்தும் பழக்கத்தில் சிக்கிக்கிடக்கின்றன" என்கிற பொருளில் பேச, 1990-இல் ஹாஸ்கெல் என்ற பொது மொழியில் வந்து சேர்ந்தது அந்த ஓட்டம். இன்னொன்று லாஜிக் கிளை, தகவல்களையும் விதிகளையும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்பது. இயந்திரமே தர்க்கப்படி முடிவெடுக்க 1965-இல் ராபின்சன் கொடுத்த ரெசல்யூஷன் விதி, அதை வளர்த்த எடின்பரோவின் கோவால்ஸ்கி, மார்செய்யின் கோல்மரோவர், அதிலிருந்து 1972-இல் புரோலாக். கோல்மரோவருக்கு வேண்டியிருந்தது பிரெஞ்சு வாக்கியங்களைப் புரிந்துகொள்ளும் ஒரு நிரல், மொழி அதற்காகப் பிறந்தது. இப்போது சாட்பாட்டைக் காட்டி "புரோலாக் எதற்கு" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

செத்துப்போச்சு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 1982-இல் ஜப்பான் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்திலிருந்து. லாஜிக் புரோகிராமிங்கை அடித்தளமாக வைத்து, அதற்கென்றே தனி வன்பொருள் செய்து, பத்து வருடத்தில் அறிவுள்ள இயந்திரம் என்று அறிவித்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் சாதாரணச் சந்தைச் சிப்புகள் வேகத்தில் அந்தத் தனி வன்பொருளைத் தாண்டிப் போயிருந்தன. இணையாக ஓட வேண்டும் என்பதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்த மொழிவகையும் புரோலாக்கின் பெரிய பலமான பின்வாங்கித் தேடுதலை, அதாவது ஒரு வழி அடைபட்டால் திரும்பி வந்து வேறு வழி பார்ப்பதை, கைவிட்டுவிட்டது. என் அபிப்பிராயத்தில் அங்கே தோற்றது ஒரு விளம்பரம். ஆராய்ச்சி அதற்குப் பிறகும் நிற்கவில்லை, நல்ல விஷயங்கள் பல அதற்கு அப்புறம்தான் வந்தன.

சரி, தீராத சிக்கல் என்ன என்பதற்கு வருவோம். இதைப் பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது, உங்கள் ஊர்த் தண்ணீரை வைத்தே சொல்கிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வருகிறது, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது, வெண்ணாறு நீடாமங்கலம் பக்கத்தில் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிய, பாமணியாறு உங்கள் ஊர் வழியாகப் போகிறது. இதைப் புரோலாக்கில் தகவல்களாக எழுதலாம்: பாயும்(மேட்டூர், கல்லணை). பாயும்(கல்லணை, வெண்ணாறு). பாயும்(வெண்ணாறு, பாமணியாறு). பாயும்(வெண்ணாறு, கோரையாறு). ஆமாம், எஸ்டபிள்யூஐ என்ற புரோலாக் வடிவத்தில் தமிழிலேயே எழுதலாம். ஒரே ஒரு சங்கடம், அங்கே பெரிய எழுத்தில் தொடங்கினால்தான் மாறி, தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது என்பதால் ஒவ்வொரு மாறிக்கும் முன்னால் அடிக்கோடு போட வேண்டும். இப்போது விதி: நீர்சேரும்(_அ, _ஆ) :- பாயும்(_அ, _ஆ). அடுத்தது, நீர்சேரும்(_அ, _ஆ) :- நீர்சேரும்(_அ, _இ), பாயும்(_இ, _ஆ). அதாவது அ-விலிருந்து ஆ-வுக்கு நேராகப் பாய்ந்தால் சேரும், அல்லது நடுவில் ஓர் இடத்துக்குச் சேர்ந்து அங்கிருந்து பாய்ந்தாலும் சேரும். தர்க்கமாகப் பார்த்தால் ஒரு குறையும் கிடையாது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரி என்று சொல்லும்.

ஓட்டிப் பாருங்கள். மேட்டூரிலிருந்து எங்கெல்லாம் சேரும் என்று கேட்டால் கல்லணை, வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "இன்னும் உண்டா" என்று அழுத்தினால் அப்படியே தொங்கி, கடைசியில் ஸ்டேக் எல்லை தாண்டிவிட்டது என்று ஒரு ஜிபி மெமரியைத் தின்றுவிட்டு விழும். இரண்டு விதிகளின் வரிசையை மாற்றி எழுதினால் ஒரு பதிலும் சொல்லாமலே விழும். இரண்டாவது விதியின் வலப்பக்கத்தில் உள்ள இரண்டு பகுதிகளை இடம் மாற்றி, முதலில் பாயும், பிறகு நீர்சேரும் என்று எழுதினால் ஒழுங்காக முடியும். மூன்று விதமாக எழுதினாலும் அர்த்தம் ஒன்றேதான். என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்றவர்கள், வரிசை மாறினால் விழும் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள். கோவால்ஸ்கி 1979-இல் "அல்காரிதம் என்பது லாஜிக் கூட்டல் கன்ட்ரோல்" என்று எழுதினாரே, எந்த வழியில் போவது என்ற அந்தக் கன்ட்ரோல் பாதி இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டாலும் நடைமுறையில் நம் தலையிலேயே விழுகிறது. நடவை மொத்தமாக ஓர் ஆளிடம் காண்ட்ராக்ட் விட்டவரின் நிலைமைதான் இது: யாரைக் கூப்பிடுவது, எந்த வயலில் தொடங்குவது என்ற தலைவலி இல்லை, ஆனால் வேலை மூன்று நாள் இழுத்தால் ஏன் என்று வரப்பில் நிற்பவருக்குத் தெரியாது.

இதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருமுறை கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் அட்டவணையில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி திரும்ப வந்தால் மறுபடி கிளம்பாமல் அட்டவணையைப் பார்ப்பது. டேபிளிங் என்பார்கள், ஸ்டோனி புரூக்கில் டேவிட் வாரன் குழுவின் எக்ஸ்எஸ்பி என்ற புரோலாக் வடிவம் இதில் முன்னோடி, இப்போது எஸ்டபிள்யூஐயிலும் டேபிள் என்ற ஒரு வரி உத்தரவு சேர்த்தால் போதும், மேலே உள்ள நிரல் எந்த வரிசையில் எழுதினாலும் முடியும். இந்த டேவிட் எஸ். வாரன் வேறு, 1983-இல் புரோலாக்கை வேகமாக ஓட்டும் அருவ இயந்திரத்தை வடிவமைத்த டேவிட் எச். டி. வாரன் வேறு, தேர்வில் பிள்ளைகள் எப்போதும் குழப்பிக்கொள்வார்கள். இன்னொரு மருந்து டேட்டாலாக். ஃபங்ஷன் குறிகளை விலக்கிவிட்டு, கேள்வியிலிருந்து பின்னோக்கிப் போகாமல் தெரிந்த தகவல்களிலிருந்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வருவது. புதிதாக எதுவும் கிடைக்காதபோது நின்றுவிடும். இது நிச்சயம் முடியும் என்பதும், விதிகள் மாறாதிருக்கத் தகவல் பெருகும்போது நேரம் வெடித்துப் போகாமல் பல்லுறுப்பு அளவிலேயே பெருகும் என்பதும் நிரூபிக்கப்பட்டவை. முழுப் புரோலாக்குக்கு அப்படி ஓர் உத்தரவாதம் எந்தக் காலத்திலும் வராது, அது டியூரிங் இயந்திரத்துக்குச் சமமான சக்தி உள்ளது, அதாவது கணினியால் முடியும் எந்தக் கணக்கையும் அதில் எழுதலாம், சக்தி கூடினால் உத்தரவாதம் குறையும். எவ்வளவு சக்தியை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு உத்தரவாதம் கிடைக்கும் என்ற இந்தப் பேரம்தான் இத்துறை ஆராய்ச்சியில் பெரும்பகுதி.

ஃபங்ஷனல் பக்கமும் கதை வேறு இல்லை. ஹாஸ்கெலில் ஒரு கோடி எண்களைக் கூட்ட, பட்டியலை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்கும் ஒரு மடிப்பு ஃபங்ஷனை எழுதி, ஆப்டிமைஸ் செய்யாமல் ஓட்டினால், தேவைப்படும்போது கணக்கிடுவோம் என்று அது கூட்டாமல் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்ட கூட்டல்களைச் சங்கிலியாக மெமரியில் கட்டிவைக்கும். விடை சரியாக வரும், அதற்குள் லேப்டாப் விசிறி அலறும். ஆப்டிமைசரைப் போட்டால் எதைத் தள்ளிப்போடாமல் உடனே கணக்கிடலாம் என்று பார்க்கும் ஸ்ட்ரிக்ட்னெஸ் பகுப்பாய்வு செய்து அது சரிசெய்துவிடும், பெரும்பாலும். அந்தப் பெரும்பாலும் என்ற இடத்தில்தான் ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன.

அடுத்தது இல்லை என்பதன் பிரச்சினை. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும் பகுதியும் கூட. மேலே உள்ள நிரலில் ஏதோ ஒரு கடைமடை கிராமத்துக்குப் போகும் கிளை வாய்க்காலை நாம் எழுத மறந்துவிட்டோம் என்று வையுங்கள். அங்கே தண்ணீர் சேருமா என்று கேட்டால் புரோலாக் கூச்சமே இல்லாமல் "இல்லை" என்று சொல்லும். நிரூபிக்க முடியாததெல்லாம் பொய் என்பது அதன் கொள்கை. 1978-இல் கீத் கிளார்க் இதற்கு முறையான விளக்கம் கொடுத்தார், அதே ஆண்டு ரெய்ட்டர் இதை மூடிய உலக அனுமானம் என்று எழுதினார். ரயில் கால அட்டவணைக்கு இது பொருந்தும், அட்டவணையில் இல்லாத ரயில் இல்லைதான். வாய்க்கால் பதிவேட்டுக்குப் பொருந்தாது. பதிவேட்டில் இல்லாத வாய்க்கால் தரையில் இருக்கும், பதிவேட்டில் இருக்கும் வாய்க்கால் தூர்ந்துபோய்க் கிடக்கும். தண்ணீர் வராது என்று தெரியும் என்பதும், வரும் என்று தெரியாது என்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு மென்பொருள் அறிக்கை அடித்தால், அதை வைத்து ஓர் அதிகாரி முடிவெடுத்தால், யாருடைய வயல் காயும் என்று உங்களுக்கே தெரியும். கெல்ஃபாண்டும் லிஃப்ஷிட்ஸும் 1988-இல், இல்லை என்பது வரும் நிரலுக்கு எது விடை என்று வரையறுத்துக் கொடுத்த நிலைமாதிரிப் பொருண்மையும், அதற்கடுத்த சில வருடங்களில் இரண்டு வகை இல்லையையும் ஒரே நிரலில் வைக்க அவர்கள் செய்த விரிவும் இங்கேதான் கைகொடுக்கின்றன.

அந்த வேரிலிருந்து வளர்ந்தது ஆன்சர் செட் புரோகிராமிங், நிபந்தனைகளை எழுதிவிட்டால் அவற்றுக்குப் பொருந்தும் விடைகளைத் தேடித் தரும் முறை. அதற்கான கருவி, போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்துக் குழுவின் கிளிங்கோ, இலவசமாகக் கிடைக்கிறது. மேட்டூரில் நீர் குறைந்த வருடங்களில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களே, அதை எழுத இதைவிட ஒழுங்கான கருவி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாய்க்காலும் ஒவ்வொரு மணி நேரமும் திறந்திருக்கலாம் அல்லது மூடியிருக்கலாம் என்று ஒரு வரி. ஒரே தலைமதகில் இத்தனைக்கு மேல் ஒன்றாகத் திறக்கக் கூடாது என்று ஒரு வரி. எந்த வாய்க்காலும் இத்தனை நாளுக்கு மேல் காயக் கூடாது என்று ஒரு வரி. கடைமடைக்கு முன்னுரிமை என்று ஒரு வரி. அவ்வளவுதான் நிரல், அட்டவணையை அது தேடித் தரும். சுவிட்சர்லாந்து ரயில்வேயின் ரயில் நேரச் சிக்கல்களை இந்த வழியில் தீர்த்துக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

ஆனால் எங்கே முட்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். கிளிங்கோ தேடத் தொடங்குவதற்கு முன், மாறிகள் உள்ள ஒவ்வொரு விதியையும் எல்லா மதிப்புகளையும் போட்டு விரித்துக்கொள்ளும், கிரவுண்டிங் என்பார்கள். 200 வாய்க்கால், 30 நாள், நாளுக்கு 24 மணி என்றால் 720 மணி, 1,44,000 திற-மூடு வாய்ப்புகள், இது ஒன்றுமில்லை. இரண்டு வாய்க்கால்களை ஒப்பிடும் ஒரு விதியை யோசிக்காமல் எழுதினால் 200 பெருக்கல் 200 பெருக்கல் 720, அதாவது 2 கோடியே 88 லட்சம் விதிகள், ஒரே வரியிலிருந்து. மூன்று வாய்க்கால்களை ஒப்பிட்டால் லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம், திரும்பி வந்தாலும் முடிந்திருக்காது. இதைத் தவிர்க்க, தேவைப்படும்போது மட்டும் விரிப்பது, நேரம் போன்ற எண்களைத் எண் நிபந்தனைகளைக் கையாளும் தனி கன்ஸ்ட்ரெய்ன்ட் எஞ்சினிடம் கொடுப்பது என்று பல வழிகளில் வேலை நடக்கிறது. எது எந்த மாதிரிச் சிக்கலுக்கு வெல்லும் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு, தீராதது மிச்சம் இருக்கிறதா என்பதற்கு, இது ஒன்றே போதும்.

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது, இது எனக்குக் கிரவுண்டிங்கைவிடப் பெரியதாகப் படுகிறது: ஏன் என்று கேட்டால் பதில் சொல்வது. வகுப்பில் பிள்ளைகள் அதிக நேரம் வீணாக்குவது, "சார், ஃபால்ஸ்னு மட்டும் சொல்லுது, எங்கே தப்புன்னு சொல்ல மாட்டேங்குது" என்ற இடத்தில். சி மொழியில் வரி வரியாக நடந்து பார்க்கலாம், இங்கே நடந்த வழியை நாம் எழுதவே இல்லையே. எஹுட் ஷபீரோ எண்பதுகளின் தொடக்கத்திலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வில் அல்காரிதமிக் டீபக்கிங் என்று ஒன்றைக் கொடுத்தார்: இயந்திரமே இடைப்பட்ட முடிவுகளைக் காட்டி "இது சரியா, இது சரியா" என்று உங்களைக் கேட்டுக் கேட்டுத் தப்பான விதியைச் சுற்றி வளைக்கும். அழகான யோசனை, ஆனால் நூற்றுக்கணக்கில் கேள்வி வந்தால் எந்த மனிதரும் பதில் சொல்லமாட்டார். ஆன்சர் செட்டில் இன்னும் மோசம், விடையே இல்லை என்று வந்தால், எந்த மூன்று நிபந்தனைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று ஒரு விவசாயிக்கு விளங்கும்படி சொல்ல இன்றைய கருவிகள் திணறுகின்றன. உன் வாய்க்காலுக்கு ஏன் வெள்ளிக்கிழமை முறை வரவில்லை என்பதற்கு "தீர்வு இல்லை" என்று பதில் சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்?

விதிகள் என்றவுடன் ஒரு பழைய வேலையைச் சொல்ல வேண்டும். 1986-இல் கோவால்ஸ்கி, செர்காட் முதலியோர் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தை லாஜிக் நிரலாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். சட்டத்தின் வாக்கியங்களும் நிரலின் விதிகளும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பொருந்தின. இதை நம் பக்கத்து நெல் கொள்முதலுக்குப் பொருத்திப் பாருங்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இது விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் தளர்வு கேட்பார்கள், ஆணை வந்தால் அந்தப் பருவத்துக்கு, அந்த மாவட்டங்களுக்கு மட்டும் எல்லை மாறும், இது விலக்கு. சாதாரண நிரலில் இதை எழுதினால் ஒவ்வோர் ஆணைக்கும் உள்ளே போய் இஃப்-எல்ஸ் அடுக்கைத் திருத்த வேண்டும், திருத்தியவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்கு ஒன்றும் புரியாது. டிக்ளரேட்டிவ் முறையில் பொது விதி ஒரு வரி, "விலக்கு இருப்பதாகத் தெரியாதவரை" என்ற நிபந்தனையோடு. ஆணை வந்தால் இன்னொரு வரி சேர்ப்பது, பழைய வரியைத் தொடுவதே இல்லை. புதுத் தகவல் வந்தால் பழைய முடிவு மாறலாம் என்ற இந்த வகை அனுமானத்துக்குப் பள்ளிக்கூட லாஜிக்கில் இடம் கிடையாது, இங்கே அதுதான் அன்றாடம். பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் தகுதி, எல்லாமே இந்த அமைப்புதான்.

இப்போது நண்பர்கள் சொல்லும் ஏஐ. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: கிளிங்கோ போல விதிகளைத் தீர்க்கும் ஒரு சால்வர் தரும் விடை உங்கள் விதிகளிலிருந்து கண்டிப்பாகப் பின்தொடரும், விதி தப்பாக இருந்தால் விடையும் கண்டிப்பாகத் தப்பு, ஆனால் எந்த விதியால் தப்பு என்று தோண்டிப் பார்க்க வழி உண்டு. சாட்பாட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய மொழி மாதிரிகள் தரும் விடைக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அதனால் இரண்டையும் சேர்ப்போம், மொழி மாதிரி மனிதப் பேச்சை விதிகளாக மொழிபெயர்க்கட்டும், சால்வர் தீர்க்கட்டும் என்று ஏகப்பட்ட பேர் இறங்கியிருக்கிறார்கள். நிகழ்தகவைப் புரோலாக்கோடு சேர்த்த லூவன் குழுவின் பிராப்லாக், அதற்கு மேல் நியூரல் வலையைச் சேர்த்த டீப்பிராப்லாக் எல்லாம் இந்த அலைக்குக் கொஞ்சம் முந்தியவை. இது வெல்லுமா என்பது சந்தேகத்தில்தான் நிற்கிறது, யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். என் சந்தேகம் மொழிபெயர்ப்பு இடத்தில். ஆணையில் "அறுவடைப் பருவம்" என்று இருப்பதைக் குறுவையா சம்பாவா தாளடியா என்று மாதிரி தப்பாக எடுத்துக்கொண்டால் சால்வர் அந்தத் தப்பை வெகு கறாராகத் தீர்த்துக் கொடுக்கும், விடையைப் பார்த்தால் கம்பீரமாக இருக்கும். பி.எச்டி. முழுவதையும் இந்த ஒரே குதிரையின் மேல் கட்ட வேண்டாம், ஓர் அத்தியாயமாக வைத்துக்கொள்ளலாம்.

வேலை விஷயம். புரோலாக் தெரிந்த ஆள் தேவை என்று தமிழ்நாட்டில் விளம்பரம் வருவது அரிது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படித்தவர்கள் போய்ச் சேரும் இடங்கள் வேறு பெயரில் இருக்கின்றன: டேட்டாபேஸ் எஞ்சின், கம்பைலர், நிரலில் பாதுகாப்பு ஓட்டை தேடும் கருவிகள். கோட்க்யூஎல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் அடியில் டேட்டாலாக் சிந்தனைதான். வாட்ஸாப் ஓடும் எர்லாங் மொழியின் முதல் வடிவமே புரோலாக்கில் எழுதப்பட்டது, ஃபேஸ்புக்கின் ஸ்பாம் தடுப்பு விதிகள் ஹாஸ்கெலில் ஓடியதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் பாடம் எடுத்த பிள்ளைகளில் நன்றாக வந்தவர்கள் பெரும்பாலும் மொழிக்காக எடுக்கப்படவில்லை, ஒரு சிக்கலை விதிகளாகப் பிரித்து எழுதும் பழக்கத்துக்காக எடுக்கப்பட்டார்கள் என்பது என் எண்ணம். இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் கிடையாது.

உட்கார்ந்த இடத்திலிருந்து செய்ய முடியுமா என்பதில் சந்தேகமே வேண்டாம். எஸ்டபிள்யூஐ, கிளிங்கோ, டேட்டாலாக்குக்கு சூஃப்லே, ஹாஸ்கெலுக்கு ஜிஎச்சி, கன்ஸ்ட்ரெய்ன்டுக்கு மினிஜிங்க், எல்லாம் இலவசம், எட்டு ஜிபி லேப்டாப் போதும், ஜிபியு வாடகை கட்ட வேண்டாம். டீப் லேர்னிங்கில் முனைவர் பட்டம் எடுக்கிறேன் என்று கிளம்பி, மெஷின் இல்லாமல் பாதியில் நிற்பவர்களைப் பார்க்கும்போது இது பெரிய அனுகூலம். லாஜிக் புரோகிராமிங்குக்கான ஐசிஎல்பி 1982-இலிருந்து நடக்கும் மாநாடு, டிக்ளரேட்டிவ் மொழிகளுக்கான பிபிடிபி, பாடெல் மாநாடுகள் 1999-இலிருந்து நடப்பவை. ஐசிஎல்பியின் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் வகைக் கட்டுரைகள் கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கும், மற்றதற்கும் பலர் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் பிரதி போட்டுவிடுவார்கள். சந்தா இல்லாத கல்லூரி என்ற கவலை இங்கே பெரிதாக இல்லை.

ஆகவே எடுக்கலாம், ஆனால் உங்கள் வழிகாட்டி கொடுத்த தலைப்பை அப்படியே எடுக்க வேண்டாம். "மொழிகளும் முறைகளும்" என்பது ஒரு மாநாட்டின் பெயர்ப்பலகைக்குச் சரி, ஓர் ஆளின் நாலு வருடத்துக்குப் பெரிது. புதிதாக ஒரு மொழியை உருவாக்குகிறேன் என்று இறங்குவதையும் தவிருங்கள்; உலகத்தில் நல்ல மொழிகள் நிறைய யாரும் பயன்படுத்தாமல் கிடக்கின்றன, ஹாஸ்கெலுக்கும் புரோலாக்குக்கும் நடுவே அழகாகப் பாலம் கட்டிய கரி (Curry), மெல்போர்னில் பிறந்த மெர்குரி இரண்டையும் எத்தனை பேருக்குத் தெரியும்? புரோலாக்கையும் பைதானையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிரவுண்டிங் அல்லது விளக்கம், இரண்டில் ஒரு குறையை எடுத்துக்கொண்டு, முறைப்பாசனத்தைச் சோதனைக் களமாக வையுங்கள். தகவலுக்கு அலுவலகப் பதிவேட்டை மட்டும் நம்பாமல் மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் ஒரு வாரம் பேசுங்கள். எந்த ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்கினால் எந்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும், அதில் பாதி விதி, மீதி விலக்கு, எதுவும் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. இதில் என் கை எட்டாத இடம் ஒன்று உண்டு. ஆற்றில் விட்ட நீர் எத்தனை மணி நேரத்தில் எங்கே போய்ச் சேரும் என்ற கணக்கு நீரியல்காரர்களின் வேலை. அதற்கு அந்தத் துறையில் இணை வழிகாட்டி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கிளிங்கோவை இறக்கி, பாமணியாற்றில் உங்களுக்குத் தெரிந்த ஒரு பத்து வாய்க்காலை வைத்து மேலே சொன்ன நாலு வரியை எழுதி ஓட்டுங்கள். அப்புறம் இருபது, நாற்பது, எண்பது என்று ஏற்றி, விரிப்பதற்கு எவ்வளவு நேரம், தேடுவதற்கு எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கருவியே அந்தக் கணக்கைக் காட்டும். எந்த எண்ணில் மெஷின் திணறுகிறது, எந்த விதியால் திணறுகிறது என்ற தாளோடு வழிகாட்டியிடம் போய் "இதைக் குறைப்பதுதான் என் ஆய்வு" என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டும்போது எங்காவது மாட்டினால் நிரலையும் அது துப்பிய எரர் செய்தியையும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.